பழைய பாலத்தை என்ன செய்வது? பாம்பனில் தொடங்கிய பேச்சு

கேள்வி: 2025 ஏப்ரல் 9

பாம்பனில் புது ரயில் பாலம் திறந்தாகிவிட்டது. பழையதை இன்னும் எதற்குக் கடலில் நிறுத்தி வைக்க வேண்டும்? துருப்பிடித்த இரும்பைப் பார்த்துப் பாரம்பரியம் என்று உருகுகிறவர்கள் அதற்குச் சாயம் அடிக்கக் காசு தருவார்களா? பிரித்து எடைக்குப் போட்டுவிட்டு, வருகிற பணத்தில் ராமேசுவரத்துக்கு ஏதாவது செய்யலாம். பழைய பாலத்தைக் காப்பாற்றி யாருக்கு என்ன கிடைத்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஏப்ரல் 10

எடைக்குப் போடுவதைப் பற்றிப் பேசலாம். ஆனால் எதைப் போடச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு பேசுவோம். 1914 பிப்ரவரி 24ல் திறந்த பாலம் அது. 2022 டிசம்பர் 23ல் ரயிலை நிறுத்தும்வரை, நடுவில் புயலாலும் பழுதாலும் பாதை மாற்றும் வேலையாலும் நின்ற நாட்களைத் தவிர, ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், இரண்டு பக்கமும் கடல், எந்நேரமும் உப்புக் காற்று. அந்த இடத்தில் இரும்பு நூறு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். அதற்குக் காரணம் இரும்பு மட்டும் இல்லை, வருஷம் முழுக்கச் சுரண்டிச் சாயம் அடித்துக்கொண்டே இருந்த ஆட்கள்.

நடுவில் இருக்கிறதே தூக்குப் பாலம், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே பலர் அது கதவு மாதிரி கீல் வைத்துத் திறக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. சிகாகோவைச் சேர்ந்த ஷெர்ஜர் கண்டுபிடித்த முறை அது. இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியின் அடியும் வளைந்திருக்கும், சக்கரத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்ததுபோல. இழுத்தால் அந்த வளைவு தண்டவாளத்தில் பின்னால் உருளும். உருள உருள நுனி மேலே எழும்பும், அதோடு கப்பல் போகும் வழியிலிருந்து விலகியும் போகும். பின்பக்கம் எதிர் எடை இருப்பதால் பெரிய மோட்டார் தேவையில்லை. ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு செக்கு சுற்றுவதுபோல் சுற்றிச் சுற்றி நடப்பார்கள், பல்சக்கரங்கள் மெதுவாகத் திரும்பும், அவ்வளவு பெரிய இரும்பு எழுந்து நிற்கும். மனிதக் கையால் நூறு வருஷம் திறந்து மூடிய கடல் பாலம் அது. அது இரும்பு விலைக்கு எத்தனை ரூபாய் போகும் என்ற கணக்கில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

2025 ஏப்ரல் 10, இரவு

கீழே ஒருவர் "1964 புயலிலேயே பழைய பாலம் மொத்தமும் போய்விட்டது, இப்போது நிற்பது மறுபடி கட்டியது" என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. தூண்களும் தூக்குப் பாலமும் தப்பின. போனவை கர்டர்கள், அதாவது தூணுக்குத் தூண் கிடக்கும் இரும்பு உத்திரங்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 13

நாளை என்றது இன்றைக்குத்தான் முடிந்தது, வேலை.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே போனது. அதே இரவில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்களை அலை தூக்கி எறிந்தது. தூக்குப் பாலம் அசையவில்லை. சீரமைக்கும் வேலை ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. கொங்கன் ரயில், டெல்லி மெட்ரோ எல்லாம் அப்புறம்தான், அப்போது முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய ரயில்வே பொறியாளர். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ரயில்வே சொன்னது, மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார், 46 நாளில் வேலை முடிந்தது. புதுக் கர்டர்கள் வரும்வரை காத்திருக்கவில்லை. கடலுக்கு அடியில் கர்டர்கள் கிடக்கின்றன என்று மீனவர்கள் வந்து சொன்னார்கள், அவற்றைத் தூக்கி எடுத்து அதே தூண்கள்மேல் திரும்ப வைத்தார்கள்.

"மறுபடி கட்டியதுதானே, பழையது எங்கே இருக்கிறது" என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். 1914ல் கடல்மேல் ஏறிய இரும்பு 1964ல் கடலுக்குள் போய் வெளியே வந்து இன்னொரு 58 வருஷம் ரயிலைச் சுமந்திருக்கிறது. 2007ல் மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றியபோதும் அதே பாலத்தைத்தான் பலப்படுத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அதை விட்டுவிடவும் வழி இருந்தது, ஒவ்வொரு தடவையும் யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

ரயிலில் அந்தப் பாலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும். சன்னலில் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தால் பாலமே கண்ணில் படாது. பக்கச் சுவர் கிடையாது, கைப்பிடி கிடையாது. பெட்டியின் விளிம்புக்குக் கீழே நேராகப் பச்சைத் தண்ணீர். ரயில், ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், பெட்டியில் யாராவது ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு காசைச் சுண்டி எறிவார். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும், ரயில் கரையில் நிற்கும். என் அம்மாவோடு போன ஒரு தடவை மண்டபம் ஸ்டேஷனில் அப்படி நின்றோம். அம்மாவுக்குக் கோபம், எனக்குச் சந்தோஷம், காற்று குறையும்வரை பாலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று.

2025 ஏப்ரல் 20

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "உணர்ச்சி எல்லாம் சரி, நின்றுபோன பாலத்தை வைத்து என்ன செய்வது" என்கிறார். நியாயமான கேள்வி. அதற்குப் பாம்பனை விட்டுக் கொள்ளிடத்துக்கு வர வேண்டும்.

திருச்சியில் திருவானைக்காவலுக்கும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் நடுவே 1928ல் கட்டிய இரும்புப் பாலம். சென்னை பஸ்ஸெல்லாம் அதில்தான் வரும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தால்கூடப் பாலம் வந்ததைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சன்னலைக் கடக்கும்போது காற்று 'வுஷ் வுஷ்' என்று வெட்டுப்படும். 2016ல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தது, பழையதை மூடினார்கள். காலையிலும் மாலையிலும் ஆட்கள் அதில் நடந்தார்கள், அவ்வளவுதான். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்து கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது தூண்கள் சாய்ந்து பாலம் நடுவில் ஒடிந்து விழுந்தது. அடுத்த சில நாளில், ஆகஸ்ட் 22ல், முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதுவும் 1836ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது.

கவனியுங்கள். 88 வருஷம் லாரியும் பஸ்ஸும் சுமந்த பாலம், சுமையே இல்லாமல் இரண்டு வருஷம் நின்று விழுந்திருக்கிறது. அடித்தளத்தில் மணல் போனதுதான் காரணம், வண்டி ஓடியிருந்தாலும் விழுந்திருக்கும் என்று சொல்லலாம். இருக்கலாம். ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனதைத் திருச்சிக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடும் பாலம் என்றால் வெள்ளம் வருவதற்கு முன்னாலேயே தூணின் அடியைச் சுற்றிப் பாறாங்கல்லாவது போட்டிருப்பார்கள். நின்றுபோன பாலத்துக்கு யார் போடுவார்கள்? எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

என் கட்சி இதுதான், தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பாலத்தைக் காப்பது என்றால் அதற்கு ஒரு வேலை கொடுப்பது. வேலை போன பாலத்துக்கு ஆளும் போய்விடும், பணமும் போய்விடும். மூடுகிற அன்றைக்கே அடுத்த வேலை என்ன என்று முடிவு செய்யாவிட்டால் ஆறு அந்த முடிவை எடுத்துக்கொள்ளும்.

2025 ஏப்ரல் 21

"கொள்ளிடம் பாலத்தைச் சினிமா படப்பிடிப்புக்கு விட்டிருக்கலாம்" என்று ஒருவர். விட்டிருக்கலாம்தான். அந்த வாடகையிலாவது பாறாங்கல் வாங்கியிருப்பார்கள்.

2025 மே 4

பெரிய பாலங்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் வாய்க்காலாகச் சின்னச் சின்னச் செங்கல் வளைவுப் பாலங்கள் இருக்கின்றன. எங்கள் ஊரில் மதகு என்போம். சாயங்காலம் ஆனால் மதகுக் கட்டையில்தான் ஊர் உட்கார்ந்திருக்கும். கல்யாணம், நிலத் தகராறு, தேர்தல் எல்லாம் அங்கேதான். எதற்கும் பெயர்ப் பலகை கிடையாது, எந்தப் பட்டியலிலும் வராது.

கோடையில் தண்ணீர் முறை நின்று வாய்க்கால் வற்றியதும் கீழே இறங்கி அந்த வளைவை அடியிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் போன வாரம் இறங்கினேன். செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து, நகத்தால் கீறினால் லேசாகப் பொடியும், ஆனால் விழாது. நீர்மட்டம் நிற்கும் கோட்டில் கருப்பாகப் பாசி, அதற்கு மேலே செங்கல் இன்னமும் சிவப்பு. கிழக்குப் பக்கம் மட்டும் முகமே உரிந்து கிடந்தது, கையை வைத்தால் அப்பளம் மாதிரிச் செதிலாக உரிந்து வந்தது. ஏன் அந்தப் பக்கம் மட்டும்? பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பழுது பார்க்கிறேன் என்று வேலை எடுத்தவர் அந்தப் பக்கத்து இணைப்புகளில் மட்டும் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்.

இது எல்லா ஊரிலும் நடப்பது, அதனால் விளக்கிச் சொல்கிறேன். பழைய செங்கல் தண்ணீரைக் குடிக்கும், காயும். சுண்ணாம்புச் சாந்து மெத்தென்று இருப்பதால் ஈரம் அதன் வழியாக வெளியே போகும், வளைவு வெயிலுக்கும் பாரத்துக்கும் கொஞ்சம் அசைந்தால் அதுவும் சேர்ந்து அசையும். சிமெண்ட் கெட்டி, ஈரத்தை விடாது. அப்போது ஈரம் செங்கல் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், கூடவே உப்பும் வந்து முகத்தைப் பிளக்கும். சிமெண்ட் கோடு மட்டும் எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும், செங்கல் உள்ளே போய்விடும். கெட்டியான பொருளால் அடைத்தால் கெட்டியாக இருக்கும் என்ற எண்ணம்தான் இந்தப் பாலங்களுக்கு எமன்.

அப்புறம் அரசங்கன்று. இணைப்பில் முளைக்கும். மேலே வெட்டிவிட்டால் போச்சு என்று நினைப்பார்கள், வேர் உள்ளே இன்னும் தடித்துக்கொண்டே போகும். விரல் தடிமனில் இருக்கும்போதே வேரோடு எடுத்துச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு கொத்தனாரின் அரை நாள் கூலி.

2025 மே 5

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது எங்கே கிடைப்பார் என்று கேட்டவருக்கு: கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரியுங்கள். அங்கே இன்னும் இருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படித்தான் கண்டுபிடித்தார்.

2025 மே 18

"காப்பாற்றி யாருக்கு என்ன கிடைத்தது" என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் சுற்றுகிறேன் என்று சிலர் சொல்வதால், எனக்குத் தெரிந்தவை.

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம். பிரிட்டிஷ் ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் கட்டிய இரும்புப் பாலம். ஒரு வண்டி போகும் அகலம்தான், எதிரில் வண்டி வந்தால் இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். 2013ல் பக்கத்திலேயே அகலமான புதுப் பாலம் வந்தது. பழையதைப் பிரிக்கவில்லை, நடக்கிறவர்களுக்கு விட்டார்கள். வாவிக்கு மேலே காற்று வாங்கிக்கொண்டு நிற்க அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. பாடும் மீன் சத்தம் நிலா வெளிச்சத்தில் அந்தப் பாலத்தடியில்தான் கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. நான் போனபோது கேட்கவில்லை, வாகனச் சத்தம். ஆனால் பாலத்தில் குடும்பம் குடும்பமாக நின்றுகொண்டிருந்தார்கள், கடலை விற்கிறவர் இருந்தார், ஒரு பையன் அவன் அப்பாவிடம் இரும்புத் தகடுகளைச் சேர்த்து அடித்த ரிவெட் ஆணிகளை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தான். வாகனத்திலிருந்து நடைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான், பாலம் பிழைத்தது.

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம். 1904ல் அந்தப் பாதையோடு வந்த கருங்கல் பாலம். அகலப்பாதை வேலைக்காக ரயில் நின்றபோது இனி அதை ஒதுக்கிவிட்டு வேறு கட்டுவார்கள் என்று எல்லோரும் பேசினோம். ஒதுக்கவில்லை. பலப்படுத்தி 2018ல் அதன்மேலேயே அகலப்பாதை ரயிலை விட்டார்கள். இன்றைக்கும் கொல்லம் ரயில் அதில் போகிறது. இதைவிடப் பெரிய காப்பு எந்தத் தொல்லியல் பலகையாலும் வராது.

புனலூருக்கே போனால் கல்லடையாற்றின்மேல் 1877ல் முடித்த தொங்கு பாலம். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கட்டியது. அது வண்டி தாங்காது, இப்போது நடக்க மட்டும். ஊரில் ஒரு கதை உண்டு: பாலத்தை யாரும் நம்பாததால் அவர் ஆறு யானைகளை மேலே நடக்கவிட்டு, தன் குடும்பத்தோடு கீழே படகில் போனாராம். யானைகளிடம் யார் சம்மதம் வாங்கினார்கள் என்று என் மகள் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

அகமதாபாத்தில் எல்லிஸ் பாலம், 1892. பழைய இரும்பு வளைவுகள் நடுவில் அப்படியே நிற்க, 1999ல் இரண்டு பக்கமும் புதுக் கான்கிரீட் பாலம் போட்டார்கள். நடுவில் இருப்பது பார்க்க அழகு. ஆனால் வேலை இல்லாமல் வெறும் காட்சியாக நிற்கும் பாலம் என்றால் எனக்குக் கொள்ளிடம்தான் ஞாபகம் வருகிறது. யாராவது அந்த ஊர்க்காரர்கள் இருந்தால் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

2025 ஜூன் 16

நேற்று புனே பக்கம் இந்திராயணி ஆற்றில் பழைய இரும்பு நடைபாலம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு விழுந்தது. ஆட்கள் இறந்திருக்கிறார்கள். போகக் கூடாது என்று பலகை வைத்திருந்த பாலம்.

மே மாதம் நான் "நடக்கிறவர்களுக்கு விட்டார்கள், பிழைத்தது" என்று எழுதியதை அதன் பாதுகாப்புப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நடைதானே, லேசான பாரம்தானே என்ற நினைப்பு ஆபத்தானது. நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் ஒரு சதுர மீட்டருக்கு எடை போட்டால் வரிசையாக நிற்கும் கார்களைவிட அதிகம். கார் தள்ளித் தள்ளி நிற்கும், மனிதர்கள் தோளோடு தோள் நிற்பார்கள், ஒரே பக்கம் போய்ப் போட்டோ எடுப்பார்கள், சிலர் வேண்டுமென்றே ஆட்டுவார்கள்.

மோர்பியை மறக்க முடியாது. குஜராத்தில் 19ஆம் நூற்றாண்டுத் தொங்கு பாலம், பாரம்பரியம் என்றே விளம்பரம். பல மாதம் மூடி வைத்துப் புதுப்பித்து 2022 அக்டோபர் 26ல் திறந்தார்கள், 30ஆம் தேதி அறுந்தது, 135 பேர் போனார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழுவின் அறிக்கையில் இருப்பது: ஒரு முக்கிய வடத்தில் 49 கம்பிகளில் 22 அதற்கு முன்பே துருவால் கெட்டிருந்தன. புதுப்பித்தபோது வடத்தை மாற்றவில்லை. மேலே மரப்பலகையை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு போட்டார்கள், அது பாரத்தைக் கூட்டியது. கண்ணுக்குத் தெரிவதைப் புதிதாக்கி, பாரம் தாங்குவதை அப்படியே விட்டிருக்கிறார்கள். இதைக் காப்பு என்று சொல்லக் கூடாது.

அதனால் என் ஏப்ரல் 20 குறிப்போடு ஒன்றைச் சேர்க்கிறேன். வேலை கொடு, ஆனால் வேலை கொடுப்பதற்கு முன்னால் உடம்பைப் பார். எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஏறலாம் என்று எண்ணிக்கை போட்டு, அதற்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வாசலில் ஒரு ஆளைப் போடு. பலகை ஆளாகாது.

2025 ஜூன் 17

"அதனால்தான் பழையதெல்லாம் இடிக்க வேண்டும்" என்று உடனே நான்கு பேர். பொறுங்கள். இரும்பில் எது கெடுகிறது என்று பாருங்கள். இரண்டு தகட்டைச் சேர்த்து ரிவெட் அடித்திருக்கும். நடுவே இழை தடிமனுக்கு இடைவெளி இருந்தால் தண்ணீர் புகும், உள்ளேயே துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், தகட்டைப் பிரித்துத் தள்ளும், ரிவெட்டின் தலை தெறிக்கும். வெளியே பார்த்தால் புதுச் சாயம் பளபளக்கும். சுத்தியால் ரிவெட்டைத் தட்டினால் கெட்டியானது கணீர் என்று சொல்லும், தளர்ந்தது சொத்தென்று சொல்லும். ரயில்வே பாலங்களில் கேங்மேன் அண்ணன்கள் இதைக் காதாலேயே கண்டுபிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கெட்ட ரிவெட்டை எடுத்துவிட்டு உறுதியான போல்ட் போடலாம். தெரிந்த நோய், தெரிந்த வைத்தியம்.

2025 ஜூலை 10

நேற்று குஜராத்தில் மாஹி ஆற்றின்மேல் கம்பீரா பாலம் உடைந்து வண்டிகள் ஆற்றில் விழுந்தன. 1985ல் கட்டியது. பாம்பன் பழைய பாலத்துக்கு அப்போதே 71 வயது. வயதைப் பார்த்து இடி என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க வரவில்லை, ஆட்கள் செத்திருக்கும் நேரம். தூணையும் இணைப்பையும் வருஷம் தவறாமல் யார் பார்த்தார்கள், எழுதி வைத்தார்களா, எழுதியதை யார் படித்தார்கள் என்பதுதான் எல்லாப் பாலத்துக்கும் கேள்வி.

2025 ஜூலை 20

பாம்பனுக்குத் திரும்புகிறேன். ஏப்ரலில் என் மனதில் இருந்தது, மொத்தப் பாலமும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது. இந்த மூன்று மாதப் பேச்சும், என் நண்பரான ஒரு கட்டுமானப் பொறியாளரோடு நடந்த சண்டையும் அதைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கின்றன.

அவர் சொன்னது இது. பழைய பாலமும் புதுப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கால்வாய்மேல். கப்பல் போக இரண்டும் திறக்க வேண்டும். பழையது மூடியபடி சிக்கிக்கொண்டால் வழி அடைபடும். சரி, நிமிர்த்தியே வைத்துவிடலாம் என்றால், அவ்வளவு பெரிய இரும்புப் பலகை செங்குத்தாக நின்று 1964 மாதிரி ஒரு புயலை வாங்க வேண்டும். பெயர்ந்து விழுந்தால் எங்கே விழும்? மேலே நடைபாதை போடலாமே என்றேன். இரண்டு கிலோமீட்டர் கடல்மேல், கைப்பிடி இல்லாத கர்டர்மேல், 58 கிலோமீட்டர் காற்றில் ரயிலையே நிறுத்திய இடத்தில் குழந்தைகளோடு நடக்கச் சொல்கிறாயா என்றார். மோர்பியை எழுதியவன் நான். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது என் கருத்து: சிறு கர்டர்களில் பெரும்பகுதியைக் கழற்றுவதை நான் எதிர்க்கவில்லை. தூக்குப் பாலத்தின் இரண்டு பாதியையும், பல்சக்கரம், எதிர் எடை, சுற்றும் கம்பி எதையும் விடாமல், கரைக்குக் கொண்டுவந்து பாம்பனிலோ மண்டபத்திலோ தரையில் நிறுத்த வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் பொம்மையாக வைக்கக் கூடாது, இயங்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தள்ளினால் அந்த இரும்பு எழும்ப வேண்டும். ஒரு கர்டரை, கடலடியிலிருந்து வந்தவற்றில் ஒன்றை, பக்கத்தில் வைக்க வேண்டும். அதை இயக்கக் கற்றுத்தர, இத்தனை வருஷம் தூக்கிய ரயில்வே தொழிலாளர்களையே அழைக்க வேண்டும், அவர்கள் ஊரில் இருக்கும்போதே. எந்தச் சக்கரத்தை எப்போது தளர்த்துவது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எத்தனை பேர் வேண்டும் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை.

2025 ஜூலை 21

"பாதியைக் கொடுத்துவிட்டீர்களே" என்று இங்கே என் பக்கம் நின்றவர்களே கோபப்படுகிறார்கள். புரிகிறது. இரண்டு கிலோமீட்டர் இரும்பு மெலிந்துகொண்டே நிற்பதைவிட, 50 பேர் தினமும் தொட்டு இயக்கும் ஒரு தூக்கு எனக்கு மேல்.

2025 ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காலையில் காவிரிப் பாலத்தில் கூட்டம், படித்துறையில் கூட்டம். பாலத்துக்கு ஒரு நாள் என்று தனியாக வேண்டாம், நமக்கு இருக்கிறது இது.

இன்றைக்குப் பணத்தைப் பற்றி. முதல் கேள்வியே அதுதானே, சாயத்துக்குக் காசு யார் தருவார்?

சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் முதல் பாலத்தை 1726ல் தன் பணத்தில் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைப் படிகளும் அவர் செய்தவை. பாலத்துக்கு 30,000 வராகன், அந்தக் காலத்துத் தங்கக் காசு, ஆனது. அதோடு நிற்கவில்லை, பாலத்தைப் பராமரிக்க என்று 1,500 வராகனைத் தனியாக விட்டுப் போனார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வணிகருக்குத் தெரிந்திருக்கிறது, கட்டுவதற்கு ஒரு கணக்கு, காப்பதற்கு ஒரு கணக்கு என்று. அந்தப் பாலம் இப்போது இல்லை, மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. அவர் வைத்த கல்வெட்டு மிச்சம்.

திருநெல்வேலியில் 1843ல் திறந்த பாலம் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற மூத்த அதிகாரியாக இருந்த சுலோசன முதலியார் கொடுத்த பணத்தில் எழுந்தது, ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய். மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன என்று ஊரில் சொல்வார்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் கட்டியது. லண்டனில் அந்த மாதிரிப் பாலத்தை இடித்துவிட்டு வேறு கட்டிவிட்டார்கள். நெல்லையில் அகலப்படுத்தி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 2023 டிசம்பரில் தாமிரபரணி என்ன வெள்ளம் காட்டியது என்று தெரியும். நின்றது. ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் போகிறவர்கள் எத்தனை பேர் அந்த வளைவுகளை ஆற்றிலிருந்து பார்த்திருப்பீர்கள்? தண்ணீர் குறைந்த மாதத்தில் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள், மேலே போகும்போது அது சாதாரண ரோடுதான்.

புதுப் பாலம் கட்டும்போதே அந்த மதிப்பீட்டில் ஒரு பகுதியைப் பழையதன் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தால் போதும். பாம்பன் புதுப் பாலத்துக்கு 500 கோடிக்கு மேல் ஆகியிருக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கியிருந்தாலும் தூக்குப் பாலத்தைக் கரைக்குக் கொண்டுவரும் செலவுக்குக் கைகொடுத்திருக்கும்.

2025 ஆகஸ்ட் 17

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியது: "மொத்தப் பாலத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. தூக்கை மட்டும் கரையில் வைப்பதென்றால் நானும் கையெழுத்துப் போடுவேன்." நன்றி. அவர் மண்டபத்துக்காரர் என்பது இப்போதுதான் தெரிகிறது, முன்பே சொல்லியிருந்தால் இன்னும் மரியாதையாகச் சண்டை போட்டிருப்பேன்.

நாம் என்ன செய்யலாம் என்று கேட்ட மற்றவர்களுக்கு. உங்கள் ஊர் மதகையோ பாலத்தையோ வெள்ளத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை படம் எடுங்கள். மேலே நின்று இல்லை, கீழே இறங்கி, தூண் மண்ணைத் தொடும் இடத்தை. பக்கத்தில் ஒரு அளவுகோலோ குடையோ வையுங்கள், தேதி எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் மண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். இறங்கியிருந்தால் படத்தோடு மனு கொடுங்கள், கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. டெல்டாவில் எங்கள் பக்கத்து மதகுகளை நாங்கள் சில பேர் பிரித்துக்கொண்டோம். வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கம் ஆள் வேண்டும், வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.